கம்மாய்க்கு ஒரு வள்ளம்

முள்ளுக்கும் வெயிலுக்கும் பேர்போன அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையில் மரமும் ரெசினும் சேர்த்துக் கையால் படகு கட்ட முடியுமா? கடலோரத்தைவிட இங்கே நன்றாகவே கட்டலாம்.

ஐப்பசி அடைமழை ஏமாற்றாமல் பெய்து, கம்மாய்கள் மறுகால் பாய்கிற ஆண்டில், அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துத் தண்ணீரில் முதலில் இறங்குவது லாரி ட்யூப். காற்றடித்த ட்யூபின் நடுவே சாக்கைக் கட்டி, அதில் குந்தி, கையாலோ பலகைத் துண்டாலோ தள்ளிக்கொண்டு போய் வலை விரிப்பார்கள். ட்யூப் இல்லாதவர் தெர்மாகோல் அட்டைகளை உரச்சாக்கில் திணித்து இறுக்கிக் கட்டுவார். வாழைமரம் கிடைத்தால் தெப்பம். மீன் பிடிக்கும் உரிமையான மீன்பாசியை ஏலம் எடுத்தவர்களின் கப்பல் படை மொத்தமும் இவ்வளவுதான்.

தண்ணீர் வற்றி முழங்கால் அளவுக்கு வந்தபிறகு ஊரே இறங்கி, ஊத்தாவும் கச்சாவுமாக மீன் அள்ளுகிற திருவிழாவைப் பத்திரிகைகள் படம் எடுத்துப் போடும். அதற்கு முந்தைய மூன்று மாதங்களை யாரும் படம் எடுப்பதில்லை. ஆள் உயரத்துக்கு மேல் தண்ணீர் நிற்கும் அந்த நாட்களில், கம்மாய்க்குள் மூழ்கிக் கிடக்கும் வேலிக்கருவையின் முள் மேலே மிதந்து வருகிற ட்யூபுக்காகக் காத்திருக்கிறது. ட்யூப் பொத்தென்று வெடிப்பதில்லை. மெல்லக் காற்று இறங்கும். வலை விரிக்கிற மும்முரத்தில் இருப்பவருக்கு இடுப்பு நனைந்தபிறகுதான் தெரியும். நீச்சல் தெரிந்தவர்தான். ஆனால் நரம்பு வலை காலில் சுற்றிக்கொண்டால் நீச்சல் என்ன செய்யும்?

இத்தனை நூற்றாண்டுகளாகக் கம்மாயோடு வாழ்கிற ஊர்களில் ஒரு நல்ல படகு ஏன் இல்லை? ‘படகு கடற்கரைச் சமாச்சாரம், நமக்கெதற்கு’ என்பது வழக்கமான பதில். அந்தப் பதிலில் பாதிதான் உண்மை.

வங்கு விளைந்த மண்

திருச்சுழி வழியாக ஓடும் குண்டாறு மேற்கு மலைகளில் பிறந்து, திருமங்கலத்தைத் தொட்டு, திருச்சுழி, கமுதி எனக் கடந்து, மூக்கையூர் அருகே மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. சேர்கிறது என்பது வரைபடத்தின் கூற்று. பெரும்பாலான ஆண்டுகளில் ஆறு கடலைப் பார்ப்பதில்லை. திருச்சுழித் திருமேனிநாதர் கோயில் தலபுராணம், ஊரை அழிக்க வந்த பிரளயத்தைச் சிவன் சூலத்தால் தரையைக் குத்திச் சுழித்து உள்ளே இறக்கினார் என்கிறது. ஆண்டு மழை 800 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும் மாவட்டத்தில், பிரளயத்தைப் பற்றிய கதையைச் சுமந்துகொண்டு ஒரு ஊர் இருக்கிறது.

இந்தச் சீமைக்கும் படகுக்கும் உள்ள உறவு தண்ணீர் வழியாக வந்ததில்லை. மரம் வழியாக வந்தது.

பலகை வைத்துக் கட்டும் வள்ளத்தின் அடியில் நீளவாக்கில் ஓடுவது ஏரா. அதிலிருந்து இரு பக்கமும் வளைந்து எழும்பி, பலகைகளைத் தாங்குவது வங்கு. மனித உடம்புக்கு விலா எப்படியோ, படகுக்கு வங்கு அப்படி. நேரான கட்டையை வங்கு வடிவத்துக்கு அறுத்தெடுத்தால், வளைவில் நார் குறுக்கே வெட்டுப்பட்டு, முதல் பெரிய அலையிலேயே விரியும். ஆகவே படகு கட்டும் தச்சர்களான ஓடாவிகள் பிறவியிலேயே வளைந்த கொம்பைத் தேடுவார்கள். இங்கிலாந்தின் கடற்படைக்குக் கப்பல் கட்டியவர்கள் கோணல் ஓக் மரங்களைக் காடு காடாகத் தேடியதும் இதே காரணத்துக்காகத்தான். நம் பக்கத்தில் அந்த இடம் நாட்டுக்கருவேலுக்கு. கனமான, இறுகிய, தண்ணீரில் எளிதில் உளுத்துப்போகாத மரம். ஏருக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் எந்தக் குணத்துக்காகக் கரிசல் சம்சாரி அதை வெட்டினாரோ, அதே குணத்துக்காகக் கடற்கரை ஓடாவியும் அதைக் கேட்டார்.

நாட்டுக்கருவேல் கம்மாய்க்குள் வளர்கிற மரம் என்பதைக் கவனிக்க வேண்டும். நாலு மாதம் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும், எட்டு மாதம் வெடித்த தரையில் நிற்கும், இரண்டையும் தாங்கும். பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தில் 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்களில் நாரைகள் கூடு கட்டுவது இந்த மரங்களின் மேல்தான். நாரைக்குக் கிளை, ஓடாவிக்கு வங்கு. இரண்டும் கேட்பது ஒரே கோணலைத்தான்.

வறண்ட நிலத்து மரம் கடலுக்குப் போதுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு வல்வெட்டித்துறையின் ‘அன்னபூரணி’யைச் சொல்லலாம். யாழ்ப்பாணத்தின் வடகரையில் 1930-இல் வேப்பமரத்தைக் கொண்டு கட்டிய பாய்க்கப்பல் அது. வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கி, ‘ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று பெயர் மாற்றினார். தமிழ் மாலுமிகள் ஓட்டிச்செல்ல, 1938 ஆகஸ்டில் அது மாசசூசெட்ஸின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அட்லாண்டிக்கைக் கடந்தது, நம் வீட்டு வாசலில் நிழலுக்கு நிற்கிற அதே வேம்பு.

கரிசலின் பருத்திக்கும் படகில் வேலை உண்டு. பலகைக்கும் பலகைக்கும் நடுவே உள்ள சந்தில் பஞ்சைத் திரித்து, உளியால் அடித்து இறக்கி, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவார்கள். கலப்பற்று என்று அதற்குப் பெயர். தண்ணீரில் இறங்கியதும் மரம் ஊறி, பஞ்சு உப்பி, சந்து இறுகிவிடும்.

அந்த ‘ஊறி’ என்பதில்தான் கம்மாய்க்குப் படகு வராத கதையின் மறுபாதி இருக்கிறது. பலகைப் படகு தண்ணீரிலேயே கிடந்தால்தான் உயிரோடு இருக்கும். அதை மாசியிலிருந்து புரட்டாசி வரை திருச்சுழி வெயிலில் போட்டுவையுங்கள். பலகை சுருங்கும், சந்து வாய்பிளக்கும், பஞ்சு உதிரும். அடுத்த ஐப்பசியில் அது படகாக இருக்காது, சல்லடையாக இருக்கும். ஆண்டுக்கு நாலு மாதத் தண்ணீருக்காக ஆண்டுதோறும் கலப்பற்று அடிக்க யாருக்குக் கட்டுப்படியாகும்? நம் முன்னோர் வாழைத் தெப்பத்தோடு நிறுத்திக்கொண்டது அறியாமையால் இல்லை, கணக்குப் பார்த்துத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கணக்கை மாற்றிய பொருள் ஒன்று கடந்த அறுபது ஆண்டுகளில் வந்திருக்கிறது.

கம்பியால் தைத்த படகு

சோழமண்டலக் கரையில் மசூலா என்றொரு படகு இருந்தது. ஆணி கிடையாது, வங்கும் கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். சென்னையில் துறைமுகம் கட்டும்வரை, கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கொண்டுவந்தவை இவை. அலை அடித்தால் உடையாமல் நெளிந்து கொடுக்கும்.

1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ‘மிரர்’ என்ற சிறு பாய்ப்படகு வந்தது. டெய்லி மிரர் நாளிதழ் விளம்பரப்படுத்தியதால் அந்தப் பெயர். ஜாக் ஹோல்ட் என்ற படகு வடிவமைப்பாளரும், தொலைக்காட்சியில் வீட்டு மராமத்து வேலைகளைக் கற்றுக்கொடுத்த பாரி பக்னெலும் சேர்ந்து உருவாக்கியது. மெல்லிய ஒட்டுப்பலகையை அளவாக வெட்டி, ஓரங்களில் துளை போட்டு, செம்புக் கம்பியால் தைத்து, தையலின் மேல் கண்ணாடி நார்ப் பட்டையை ரெசினில் தோய்த்து ஒட்டினால் படகு. ஓடாவி வேண்டாம், வீட்டுக் கொட்டகையில் ஒரு குடும்பமே கட்டிவிடலாம். இதுவரை 70,000-க்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். மசூலா தைத்தவர்கள் பார்த்திருந்தால், தையல் நம்முடையது, பசைதான் புதிது என்று சொல்லியிருப்பார்கள்.

பாலியெஸ்டர் ரெசினும் கண்ணாடி நாரும் சேர்ந்து எஃப்.ஆர்.பி. ஆனது, நம் ஊர் வழக்கில் ‘ஃபைபர்’. மரவேலைக்கு அதைவிடப் பொருத்தமானது எபாக்சி. அமெரிக்காவின் மிச்சிகனில் 1969-இல் படகுத் தொழில் தொடங்கிய கூஜியன் சகோதரர்கள் எபாக்சியை வெறும் பசையாகப் பார்க்கவில்லை. மரத்தின் ஒவ்வொரு பக்கத்தையும், ஒவ்வொரு முனையையும், ஒவ்வொரு துளையின் உட்புறத்தையும் அதால் மூடிவிட்டால் மரத்துக்குள் ஈரம் போகாது, உள்ளிருக்கும் ஈரமும் வெளியேறாது; மரம் ஊறவும் செய்யாது, சுருங்கவும் செய்யாது என்றார்கள். கனடாவில் டெட் மூர்ஸ் தேவதாரு வகை மரத்தைப் பென்சில் கனத்துக்குச் சீவி, பட்டை பட்டையாக ஒட்டி, இருபுறமும் கண்ணாடித் துணியும் எபாக்சியும் போர்த்தி, தோளில் தூக்கிப்போகிற சிறு தோணிகளைக் கட்டினார். 1983-இல் வந்த அவருடைய ‘கேனூகிராஃப்ட்’ புத்தகத்தைப் பார்த்து உலகெங்கும் கொட்டகைகளில் தோணி கட்டியவர்கள் ஏராளம்.

தமிழ்நாட்டுக்கு இந்தத் தையல் முறை குமரிக் கரையில், மணவாளக்குறிச்சிக்குத் தெற்கே, முட்டத்தில் வந்து இறங்கியது. 1980-களின் தொடக்கம். கட்டுமரத்துக்கான மென்மரம் மலையாள நாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதே வகை மரத்துக்குத் தீப்பெட்டிக் குச்சிக்காரர்களும் ஒட்டுப்பலகைக்காரர்களும் பெட்டி செய்கிறவர்களும் போட்டி போட, விலை ஏறியது. நம் மாவட்டத்துச் சிவகாசி, சாத்தூர்த் தீப்பெட்டியில் உரசிய குச்சிக்கும் குமரிக் கடலின் கட்டுமரத்துக்கும் இப்படியொரு பங்காளிச் சண்டை இருந்திருக்கிறது.

பொருளாதார அறிஞர் ஷூமாக்கர் 1966-இல் லண்டனில் தொடங்கிய ஐ.டி.டி.ஜி. அமைப்பின் உதவியோடு, முட்டத்தில் ஒட்டுப்பலகைப் படகுகளைத் தைத்து ஒட்டும் கூடம் உருவானது. கட்டுமரம் ஓட்டிய மீனவர்களே அங்கே படகு கட்டக் கற்றார்கள். அந்த வேலையில் இருந்த பியர் ஜில்லே 1985-இல் எழுதிய புத்தகத்தின் பெயர் ‘ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்’. ‘சிறியதே அழகு’ என்று எழுதிய ஷூமாக்கருக்கு, சிறியது எவ்வளவு சிரமமானது என்று பட்டறையிலிருந்து வந்த பதில் அது. கடற்கரை மணலில் இழுத்து இழுத்து அடி தேயும். தேய்ந்த இடத்தில் தண்ணீர் ஏறும். நல்ல ஒட்டுப்பலகை கிடைக்காது. ஒரு மாதிரி படகு சரியாக வருவதற்குள் நாலு மாதிரிகள் தோற்கும். ஆனாலும் தெற்கு கேரளத்திலும் குமரியிலும், தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸ் நடத்திய கூடங்களிலிருந்து ஒட்டுப்பலகை வள்ளங்கள் ஆயிரக்கணக்கில் கடலுக்குப் போயின. மீனவர்கள் பணம் கொடுத்து வாங்கினார்கள் என்பதே போதுமான சான்று.

கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இன்னொரு வழியில் போனது. பால் வற்றியபின் விறகுக்குப் போகிற ரப்பர் மரத்தைப் பூச்சி அரிக்காத மருந்தேற்றி, பலகையாக்கி, வள்ளம் கட்டி, மேலே கண்ணாடி நார்ப் போர்வை போட்டார்கள். கடலுக்கு வேண்டாம், காயலுக்குப் போதும் என்ற தெளிவோடு கட்டியது. உள்ளூரில் மலிவாகக் கிடைக்கிற மரத்தையும் நவீன ரெசினையும் சேர்க்கும் அந்த யோசனைதான் நமக்கும் வேண்டியது.

சுனாமி கொண்டுவந்த வெள்ளை

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நடந்தது எல்லோரும் அறிந்தது. அழிந்த கட்டுமரங்களுக்குப் பதிலாக அரசும் தொண்டு நிறுவனங்களும் ஃபைபர் படகுகளைக் கொடுத்தன. ஒரே அச்சு, அதில் வரிசையாகப் படகுகள். தமிழ்நாட்டுக் கடற்கரையின் நிறமே சில ஆண்டுகளில் மாறிப்போனது. அவசரத்தில் கட்டிய பலவற்றில் தரம் இல்லை.

ஃபைபரை நான் பழிக்கவில்லை. மோட்டார் பொருத்தி, அலை உடைத்து, அன்றாடம் கடலுக்குப் போகிறவருக்கு அது தேவை. ஆனால் உடைந்தபின் அது எரிக்கவும் ஆகாது, மக்கவும் மக்காது. எந்த மீன்பிடி ஊருக்குப் போனாலும் ஓரத்தில் அதன் கூடு கிடக்கும். கட்டுகிற கூடத்தில் ஸ்டைரீன் நெடியும் கண்ணாடித் தூசியும் நிறைந்திருக்கும். முகமூடி இல்லாமல் அதில் வேலை செய்கிறவர்களைப் பற்றிப் பேசுவார் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அச்சுப் படகுக்கு முதலீடு வேண்டும். அச்சு செய்யவே ஒரு படகின் செலவுக்கு மேல் ஆகும். கம்மாய்க்கு ஒன்று, இரண்டு படகு தேவைப்படுகிற ஊர்களுக்கு அது ஒத்துவராது. தைத்து ஒட்டுகிற முறைக்கு அச்சே வேண்டாம்.

கரிசல் கொட்டகையில் எப்படிக் கட்டுவது

கட்ட வேண்டியது 14 அடி நீளத்தில், தட்டையான அடிகொண்ட, இரு முனையும் கூம்பிய ஒரு வள்ளம். தட்டை அடி எதற்கென்றால், முக்கால் அடித் தண்ணீரிலும் கம்மாய் ஓரம் வரை வரவேண்டும். நின்று வலை இழுக்கும்போது ஆட்டம் குறைவாகவும் இருக்கும்.

8-க்கு 4 அடி அளவில், 6 மில்லிமீட்டர் கனமுள்ள கடல்தர ஒட்டுப்பலகை இரண்டு போதும். பலகையில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம். கதவுக்கும் அலமாரிக்கும் விற்கிற பலகையைக் கடைக்காரர் ‘இதுவும் வாட்டர் ப்ரூஃப்தான் அண்ணாச்சி’ என்று நீட்டுவார். முத்திரை இல்லையென்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். வாங்கியபின், ஒரு துண்டை வெட்டி ஒரு மணி நேரம் கொதிக்கும் நீரில் போட்டுப் பாருங்கள். அடுக்கு பிரிந்தால் அது படகுக்கு ஆகாது.

இரண்டு பலகையையும் நீளவாக்கில் இணைக்க, சேரும் முனைகளை 5 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சரிவாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒட்ட வேண்டும். பலகைக் கனத்தைப்போல எட்டு மடங்கு சரிவு என்பது விதி. இழைப்புளி பிடிக்கத் தெரிந்த தச்சர் எவருக்கும் இது அரை நாள் வேலை. இப்படிக் கிடைக்கும் 16 அடிப் பலகையில் நடுவே 2 அடி அகலத்தில் அடித்தட்டு, இருபுறமும் ஓரடி அகலத்தில் பக்கத்தட்டு இரண்டு. வீணாவது மிகக் குறைவு.

தட்டுகளின் ஓரத்தில் ஒரு சாண் இடைவெளியில் துளை போட்டு, செம்புக் கம்பியோ கேபிள் டையோ கொண்டு தைத்து முறுக்கினால், தட்டையாகக் கிடந்த பலகை எழும்பிப் படகாக நிற்கும். படகு கட்டுகிறவர்கள் மறக்காத நேரம் இதுதான். உள்மூலையில் எபாக்சியும் மரத்தூளும் குழைத்த களிம்பை விரலால் வழித்து வளைவாக நிரப்ப வேண்டும். அருப்புக்கோட்டை மர அறுவைக் கூடங்களில் சும்மா கிடக்கிற தூளைச் சல்லடையில் சலித்தால் போதும், அது காய்ந்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. களிம்பு இறுகியதும் கம்பியை உருவிவிட்டு, மூலையின் உள்ளும் புறமும் 3 அங்குலக் கண்ணாடி நார்ப் பட்டை, அடித்தட்டின் வெளிப்புறம் முழுக்கக் கண்ணாடித் துணி. வேலிக்கருவை முள் இந்தத் துணியைக் கீறலாம், துளைக்காது.

இங்கேதான் நம் வெயில் வேலை காட்டும். எபாக்சி இறுகும்போது தானே சூடேறும். சுற்றுவெப்பம் 10 டிகிரி கூடினால் கையாளக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். மே மாதம் நண்பகலில் டப்பாவில் கலக்கினால், தூரிகையை எடுப்பதற்குள் புகைந்து கட்டியாகிவிடும். சிறிது சிறிதாகக் கலக்கி, அகலத் தட்டில் ஊற்றிக்கொள்ள வேண்டும். பூசுவதற்கு ஏற்ற நேரம் சாயங்காலம். காலையில் பூசினால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து, பூச்சின் வழியே குமிழ் குமிழாக வெளியேறும்; ஒவ்வொரு குமிழும் பின்னாளில் ஓட்டை. மாலையில் மரம் குளிரக் குளிர, பூச்சை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஃபைபர் கூடத்தில் வேலை பார்த்துப் பழகியவர் கட்ட வந்தால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாலியெஸ்டரில் வெயிலுக்குத் தக்கபடி கேட்டலிஸ்டைக் கூட்டிக் குறைப்பது வழக்கம். எபாக்சியில் அது கூடாது. டப்பாவில் போட்ட விகிதம் என்னவோ அதுவே, எடைத்தராசு வைத்து. ரெசினை இறுக்கும் ஹார்டனர் கூடினாலும் குறைந்தாலும் ஆண்டுக்கணக்கில் பிசுபிசுத்துக் கிடக்கும். கையுறை கட்டாயம், எபாக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் லேசில் போகாது.

விளிம்புக்குத் தேக்கு அல்லது வேம்புச் சட்டம். முனைகளையும் மூலைகளையும் பிடித்துக்கொள்ளும் கோணல் முட்டுகளுக்கு, என் யோசனை, வேலிக்கருவை. கரிமூட்டம் போட மட்டுமே ஆகும் என்று நாம் ஒதுக்கிய அந்த மரம் காய்ந்தபின் அதிகம் முறுக்கிக்கொள்ளாத குணமுடையது. நீளமான பலகை அதில் கிடைக்காது. ஆனால் கை அகலக் கோணல் துண்டு எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும்.

இரு முனைகளிலும் அறை அடைத்து, உள்ளே தெர்மாகோலை நிரப்பி மூடிவிடுங்கள். படகு கவிழ்ந்து தண்ணீர் நிறைந்தாலும் மூழ்காது. இதே வேலையைப் பாலியெஸ்டரில் செய்தால் தெர்மாகோல் கரைந்து ஓடிவிடும். எபாக்சி அதைத் தொடாது.

கட்டி முடிந்தால் எடை 35 கிலோவை ஒட்டி வரும். இரண்டு பேர் தூக்கலாம், குட்டியானை வண்டியில் ஏற்றலாம். 12, 13 சென்டிமீட்டர் அமிழ்ந்தால் ஏறக்குறைய 200 கிலோவைத் தாங்கும் என்பது ஆர்க்கிமிடீஸ் கணக்கு. அதாவது படகு, இரண்டு ஆள், ஒரு வலை, ஒரு கூடை மீன். நாலு பேர் ஏறிச் செல்ஃபி எடுக்க இது ஆகாது. கடைசியாக வெளியே வெள்ளை பெயிண்ட் இரண்டு கை. எபாக்சிக்கு எதிரி தண்ணீர் இல்லை, வெயில். பெயிண்ட் இல்லாத பூச்சு இரண்டொரு கோடையில் மாவாக உதிரும்.

பொருட்செலவு, என் கணக்குக்கு, ஒரு புதிய மொபெட்டின் விலையில் பாதியைத் தாண்டாது. கூலி தனி.

ஈரமற்ற ஊரின் லாபம்

இத்தனைக்கும் பிறகு கடற்கரையில் கட்டி வாங்கிவந்தால் என்ன என்று கேட்கலாம். எபாக்சி வேலைக்கு மரத்தின் ஈரம் 12 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். உப்புக் காற்றடிக்கும் ஊரில் அதற்குப் படாத பாடு படுவார்கள். ஈரக்காற்றில் எபாக்சியின் மேல் மெழுகுபோல ஒரு படலம் படியும், அதைக் கழுவித் தேய்க்காமல் அடுத்த பூச்சு ஒட்டாது. அருப்புக்கோட்டையில் பங்குனி, சித்திரையில் கொட்டகைக்குள் பலகையை அடுக்கி வைத்தாலே காய்ந்துவிடும். எதைக் குறையென்று சொல்லி ஊரைவிட்டுப் போனார்களோ, அதுவே இந்தத் தொழிலுக்கு முதல்.

அதைவிட முக்கியமானது, நாலு முகமும் எபாக்சியால் மூடிய வள்ளம் எட்டு மாதம் நிழலில் கவிழ்ந்து கிடந்தாலும் சுருங்காது, வாய்பிளக்காது. ஐப்பசியில் எடுத்துத் தூசி தட்டி இறக்கலாம். முட்டத்தில் இந்த முறையை வாட்டிய மணல் தேய்மானமும் உப்பும் மோட்டார் அதிர்வும் கம்மாயில் கிடையாது. கடலுக்கு ஒரு படி குறைவாகப்பட்ட ஒட்டுப்பலகை வள்ளம், வருகிற போகிற தண்ணீருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கிறது. இந்தக் கலப்புப் பொருள் படகைக் கடல்நாட்டுப் பொருளாக இனி நான் பார்க்கப் போவதில்லை. இது வானம் பார்த்த பூமிக்கான படகு.

காவிரி, வைகை, குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அந்தத் தண்ணீர் வரும்போது வரட்டும். வடகிழக்குப் பருவமழை கொடுக்கிற நாலு மாதத் தண்ணீர் கையில் இருக்கிறது. அதில் மீன் பிடிக்கிறவர்களுக்கு மட்டுமா படகு? மழைக்காலத்தில் கலுங்கில் அடைப்பெடுக்க, மடை பார்க்க, தவறி விழுந்தவரைத் தேட, தீயணைப்பு வண்டி வரும்வரை காத்திராமல் இறங்க, ஊருக்கு ஒரு வள்ளம் வேண்டும்.

தச்சர்கள் இருக்கிறார்கள், கட்டட வேலைக்கு ரெடிமேட் கதவுகள் வந்தபிறகு பலருக்கு வேலை குறைந்திருக்கிறது. தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது; இரண்டு பலகை வள்ளத்துக்கு ஒரு நல்ல வரைபடத்தைத் தமிழில் போட்டு, எடைவிகிதம் முதல் உயிர்காக்கும் உடுப்பு வரை எழுதி, அச்சடித்துக் கொடுப்பது அவர்களுக்குப் பெரிய காரியமில்லை. வட்டாரத்துத் தொழிற்பயிற்சி நிலையங்கள் தச்சுப் பிரிவு மாணவர்களின் செய்முறைத் தேர்வாக ஆண்டுக்கு ஒரு வள்ளம் கட்டச் சொல்லலாம். மீன்பாசி ஏலத் தொகையில் ஒரு சிறு பங்கை ஊராட்சிகள் அதற்கு ஒதுக்கலாம். ஏலம் விடும்போதே, ட்யூபிலும் தெர்மாகோலிலும் ஆளை இறக்கக் கூடாது, படகும் உயிர்காக்கும் உடுப்பும் இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையைச் சேர்க்கலாம். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை, ஏலச் சீட்டில் ஒரு வரி போதும்.

சித்திரையில் பலகை வாங்கிக் காயவைத்தால் ஆடிக்குள் கட்டி முடிக்கலாம். பெயிண்ட் ஆற ஆவணி. ஊராட்சித் தலைவர்கள் இந்த ஆண்டே ஒரு கம்மாயில் தொடங்கிப் பார்க்க வேண்டும்.